வெற்றி எது? அதற்கு வேண்டிய குணங்கள் எவை?

(குடும்பமாக உட்கார்ந்து வாசிக்க ஒரு பாடம்)



"வாழ்க்கையில் வெற்றி பெற வேண்டும்" என்று எல்லோரும் சொல்கிறோம். பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் அதிபர் சொல்கிறார். கோயில் திருவிழாவில் பேச வந்தவர் சொல்கிறார். தேர்தல் காலத்தில் கேட்கவே வேண்டாம். ஆனால் "உங்களுக்கு வெற்றி என்றால் என்ன?" என்று ஒருவரை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வராது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லா இருக்கணும் சேர், அவ்வளவுதான்" என்பார்கள். நல்லா இருப்பது என்றால் எப்படி என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

போகிற ஊரின் பேர் தெரியாமல் ஹட்டன் பஸ் நிலையத்தில் நிற்கிறவருக்கு எந்த பஸ் வந்தாலும் பிரயோசனம் இல்லை. ஆகவே முதலில் ஊரின் பேரைத் தெரிந்துகொள்வோம். அதன் பிறகு அங்கே போய்ச் சேர எந்தக் குணங்கள் வேண்டும் என்று பார்ப்போம். கடைசியில் வீட்டில் செய்ய ஒரு சின்னப் பயிற்சியும் இருக்கிறது.

1. பிழையான மூன்று அளவுகள்

நம்மில் பலர் வெற்றியை அளக்கிற அளவு பிழையாக இருக்கிறது. அதனால் நன்றாக வாழ்கிறவர்களும் தோற்றுப் போனதாக நினைத்துக் கவலைப்படுகிறார்கள்.

முதலாவது, பக்கத்து வீட்டு அளவு. பக்கத்து காம்பராவில் பெரிய டீவி வந்தால் நமக்கும் வேண்டும். அவர்கள் பிள்ளை கொழும்பிலிருந்து புது போன் கொண்டு வந்தால் நம் பிள்ளை ஒன்றுக்கும் ஆகாதவன். அந்த டீவி எத்தனை தவணையில் வந்தது, அந்தப் பிள்ளை கொழும்பில் எந்தக் கடையின் பின்பக்கத்தில் படுத்துத் தூங்குகிறது என்று நமக்குத் தெரியாது. வெளியே தெரிவதை வைத்து மற்றவர் வாழ்க்கையை நிறுக்கிறோம். உள்ளே இருப்பதை வைத்து நம் வாழ்க்கையை நிறுக்கிறோம். இரண்டுக்கும் ஒரே தராசு இல்லை.

இரண்டாவது, ஒரு நாள் காட்சி. பிள்ளை பெரியவளானால் ஹோல் எடுத்து, வீடியோ வைத்து, நாலு தோட்டத்துக்கும் சொல்லிச் சாப்பாடு போட்டால் அது வெற்றி என்று நினைக்கிறோம். விசேஷம் செய்ய வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் சனங்களுக்குச் சந்தோஷப்படுகிற நாட்கள் குறைவு. ஆனால் ஒரு நாள் விசேஷத்துக்கு வாங்கிய கடன் இரண்டு மூன்று வருடத்துக்குச் சம்பளத்தைச் சாப்பிடுகிறது. எந்தப் பிள்ளைக்காக விசேஷம் செய்தோமோ அந்தப் பிள்ளையின் டியூஷன் காசுதான் முதலில் நிற்கிறது.

மூன்றாவது, ஒரே ஒரு பரீட்சை. 5ஆம் தரப் புலமைப்பரிசில் பெறுபேறு வருகிற கிழமையில் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். பத்து வயதுப் பிள்ளை பாயில் முகத்தைப் புதைத்துப் படுத்திருக்கும். "இவ்வளவு செலவழிச்சேனே, மானத்த வாங்கிட்டியே" என்று தகப்பன் சத்தம் போடுவார். அந்தப் பரீட்சைக்கு 200 புள்ளிகள். நல்ல பாடசாலையில் இடம் கொடுக்கவும், வசதி குறைந்த பிள்ளைக்கு உதவிப் பணம் கொடுக்கவும்தான் அது வைக்கப்படுகிறது. பிள்ளையின் தலைவிதியை எழுதுவதற்கு அல்ல. வெட்டுப் புள்ளிக்கு ஐந்து புள்ளி குறைந்த பிள்ளை, மூன்றாம் தரத்தில் வாசிக்கத் திணறிய பிள்ளையாக இருக்கலாம். அந்தப் பிள்ளை இரண்டு வருடத்தில் எவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறது என்று பார்க்க வீட்டில் யாராவது ஒருவர் இருக்க வேண்டும்.

2. அப்படியானால் வெற்றி எது?

ஒரு முறை பெண்கள் கூட்டத்தில் இதே கேள்வியைக் கேட்டேன். பின்வரிசையில் பென்ஷன் வயது தாண்டிய ஒரு பாட்டி இருந்தார். அவர் சொன்னார்: "நான் சம்பளத்துக்கு பெருவெரல் வச்சவ சேர். ஏன் மூணு புள்ளைகளும் கையெழுத்து போடுதுங்க. பேத்தி எனக்கு பேப்பர் வாசிச்சு காட்டுது. பெருவெரல் என்னோட போவட்டும்னு நெனச்சேன், போயிருச்சு. இதுக்கு மேல என்னா வெற்றி?"

பாட்டியின் பேச்சில் முழுப் பாடமும் இருக்கிறது. பிரித்துப் பார்ப்போம்.

(அ) அவருக்கு என்ன வேண்டும் என்று அவருக்கே தெளிவாகத் தெரிந்திருந்தது. "பெருவெரல் என்னோட போவட்டும்." வேறு யாரும் சொல்லிக் கொடுத்த ஆசை அல்ல.

(ஆ) அது அவர் கைக்கு எட்டக்கூடியதாக இருந்தது. இலகுவாக இருக்கவில்லை, ஆனால் எட்டியது. பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போகாமல் பள்ளிக்கு அனுப்புவது அவர் கையில் இருந்தது.

(இ) அவர் பார்த்தது பக்கத்து வீட்டை அல்ல, தன்னுடைய நேற்றைய நாளை. நேற்று பெருவிரல், இன்று கையெழுத்து.

(ஈ) அதனால் யாருக்கும் நட்டம் இல்லை. பிறருக்கு நன்மைதான்.

ஆகவே நாம் இப்படி எழுதிக்கொள்ளலாம்: தானே தெரிந்தெடுத்த ஒரு நல்ல காரியத்தை, நேற்று இருந்த இடத்திலிருந்து ஒரு படி மேலே, பிறருக்குக் கெடுதல் இல்லாமல் செய்து முடிப்பதே வெற்றி.

கொழுந்து எடுக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மட்டக்கம்பு வைத்து எடுக்கிறபோது எல்லா மலைக்கும் ஒரே மட்டமா? கவ்வாத்து முடிந்து துளிர்த்த மலைக்கு ஒரு மட்டம், மூன்று வருடம் ஓடிய மலைக்கு வேறு மட்டம். அந்தச் செடியை வைத்துத்தான் அதன் மட்டம். மனிதருக்கும் அப்படியே. தகப்பன் இல்லாத வீட்டுப் பிள்ளை 8ஆம் தரத்தில் நின்றுவிடாமல் சாதாரண தரம் வரை போனால், அது உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளை உயர்தரம் சித்தியடைந்ததற்குக் குறைந்தது அல்ல.

3. ஒன்றை மறக்கக்கூடாது

"குணம் இருந்தால் எல்லாம் கிடைக்கும்" என்று சிலர் மேடையில் பேசுவார்கள். அது முழு உண்மை அல்ல. நம் கையில் இல்லாத காரியங்களும் இருக்கின்றன.

2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டது. உரம் போடாத மலையில் கொழுந்து குறைந்தது. கூடை நிறையாதது கொழுந்து எடுத்தவரின் சோம்பலா? அடுத்த வருடம், 2022இல், பொருளாதார நெருக்கடி வந்தது. கோதுமை மாவும் மண்ணெண்ணெயும் எட்டாத விலைக்குப் போயின. அது எந்தக் குடும்பத்தின் ஊதாரித்தனம்? நாட்சம்பளம் 1,000 ரூபா வேண்டும் என்ற கோரிக்கை எழுந்து பல வருடங்களுக்குப் பிறகுதான் 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் அது வந்தது. அத்தனை வருடமும் நம் ஆட்கள் உழைக்காமல் இருந்தார்களா?

ஆகவே சம்பளம், வீடு, காணி, பாதை, வைத்தியசாலை போன்ற காரியங்களைத் தனி ஆளின் குணத்தில் கட்டக்கூடாது. அவற்றைச் சேர்ந்து கேட்க வேண்டும். அதற்குச் சட்டம் இருக்கிறது, தொழிற்சங்கம் இருக்கிறது, வாக்கு இருக்கிறது. "நீ முன்னேறாததற்கு நீதான் காரணம்" என்று யாராவது சொன்னால் தலையைக் குனிய வேண்டாம்.

ஆனால் நம் கையில் இருக்கிற காரியங்களும் உண்டு. சம்பள நாள் பின்னேரம் என்ன செய்கிறோம் என்பது நம் கையில். பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறோம் என்பது நம் கையில். ஒரு படிவத்தில் நம் பேர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது நம் கையில். கீழே சொல்லப்போகும் குணங்கள் அந்தப் பங்குக்கு உரியவை.

4. வேண்டிய குணங்கள்

இந்தக் குணங்களைப் புதிதாக எங்கேயும் போய்ப் படிக்க வேண்டியதில்லை. மலையில் தினமும் இவற்றோடுதான் வேலை செய்கிறோம். மலையில் இருக்கிற குணத்தை வீட்டுக்கும் கொண்டு வருவதுதான் காரியம்.

குணம் 1: குறி

நல்ல கொழுந்து என்றால் இரண்டு இலையும் ஒரு மொட்டும். அனுபவம் உள்ள அக்காமாரின் கையைப் பாருங்கள். கண் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் இருந்தாலும் கை முற்றின இலையைத் தொடாது. எதை எடுப்பது, எதை விடுவது என்று கைக்குத் தெரியும்.

வீட்டில் நமக்கு அந்தக் குறி இருக்கிறதா? "பிள்ளையைப் படிக்க வைக்கணும்" என்பது குறி அல்ல, ஆசை. "மூத்தவள் டிசம்பருக்குள் தானாகக் கதைப்புத்தகம் வாசிக்க வேண்டும்" என்பது குறி. "கடனை அடைக்கணும்" என்பது ஆசை. "அடகு வைத்த தோட்டைத் தைப்பொங்கலுக்கு முன் மீட்க வேண்டும்" என்பது குறி. குறிக்கு ஒரு பேரும் ஒரு திகதியும் இருக்கும்.

குணம் 2: ஒழுங்கு

கொழுந்து எடுத்த மலைக்கு ஏழெட்டு நாளில் திரும்ப வர வேண்டும். ரவுண்ட் பிந்தினால் இலை முற்றிவிடும். பிந்திய ரவுண்டை ஒரே நாளில் இரட்டைக் கூடை எடுத்துச் சரிக்கட்ட முடியாது. போனது போனதுதான்.

படிப்பும் சேமிப்பும் அப்படியே. பரீட்சைக்கு முதல் கிழமை விடிய விடியப் படிப்பதை விட, தினமும் அரை மணித்தியாலம் படிப்பது கூடுதலாக நிற்கும். ஒரு நாளைக்கு 20 ரூபா ஒதுக்கினால் ஒரு வருடத்தில் 7,300 ரூபா. பெரிய பணம் இல்லைதான். ஆனால் ஜனவரியில் கொப்பி, சப்பாத்து வாங்க வட்டிக்கு எடுக்காமல் இருக்கலாம்.

நாம் அறியாமலே நடக்கிற ஒரு சேமிப்பும் இருக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்) நம் சம்பளத்தில் 100 ரூபாவுக்கு 8 ரூபா வெட்டுகிறார்கள். தோட்டம் குறைந்தது 12 ரூபா போட வேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ஈ.டி.எஃப்) தோட்டம் இன்னும் 3 ரூபா கட்ட வேண்டும். ஆக 100 ரூபா சம்பளத்துக்கு 23 ரூபா சேர்கிறது. பேர் விழுகிற ஒவ்வொரு நாளும் இது கூடுகிறது. காரணம் இல்லாமல் வேலைக்குப் போகாத ஒரு நாள், இன்றைய சம்பளத்தை மட்டும் அல்ல, வயதான காலத்துப் பணத்தையும் குறைக்கிறது.

குணம் 3: பொறுமை

கவ்வாத்து வெட்டிய மலையைப் புதிதாகப் பார்க்கிறவர் பயந்து போவார். பச்சையாக நின்ற மலை மொட்டைக் கம்பாக நிற்கும். சில மாதத்துக்குக் கொழுந்தே இல்லை. ஆனால் வெட்டாமல் விட்டால் செடி உயர்ந்து, கிழடு தட்டி, கையை விட்டுப் போய்விடும். அதனால்தான் சில வருடத்துக்கு ஒரு தடவை வெட்டுகிறோம். இன்றைய நட்டம் நாளைய துளிர் என்று நமக்குத் தெரியும்.

ஒரு குடும்பத்திலும் மொட்டைக் கம்பாக நிற்கிற காலம் உண்டு. பிள்ளை 15, 16 வயதில் படித்துக்கொண்டிருக்கும். அதே வயதுப் பக்கத்து வீட்டுப் பையன் கொழும்புக் கடையில் சம்பாதித்துக் காசு அனுப்புவான். அப்போதுதான் "போதும், நீயும் போ" என்று வாய் தவறிச் சொல்லிவிடுகிறோம். 2016 முதல் 16 வயது வரை படிப்பு கட்டாயம். 2021இல் வேலைக்குச் சேர்க்கும் ஆகக் குறைந்த வயதையும் 14இலிருந்து 16 ஆக உயர்த்தினார்கள். சட்டம் இருக்கட்டும். அந்த இரண்டு மூன்று வருடத்தைத் தாங்கிக்கொண்ட குடும்பத்துக்கும் தாங்காத குடும்பத்துக்கும் உள்ள வித்தியாசம் பத்து வருடத்துக்குப் பிறகு தெரியும்.

பொறுமை என்றால் சும்மா இருப்பது அல்ல. நம் பெரியவர்களைப் பாருங்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத்தில் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. எத்தனையோ குடும்பங்கள் பிரிந்து இந்தியா போயின. எஞ்சியவர்களின் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. 55 வருடம்! அவ்வளவு காலமும் மனு எழுதினார்கள், சங்கம் கட்டினார்கள், போராடினார்கள். ஆரம்பித்தவர்களில் பலர் முடிவைப் பார்க்கவில்லை. இன்று 18 வயதுப் பிள்ளை வாக்களிக்கப் போகிறபோது அந்தத் தாத்தா பாட்டிமாரின் வெற்றியும் கூடவே போகிறது.

குணம் 4: விழுந்தாலும் எழும்புதல்

முத்தையா முரளிதரனை எல்லோருக்கும் தெரியும். கண்டியில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். தகப்பனார் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். ஆகவே நம் பிள்ளைகளுக்கு இல்லாத வசதி அவருக்கு இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். "நீயும் முரளி மாதிரி வா" என்று பிள்ளையை வருத்த வேண்டாம். அவரிடம் பார்க்க வேண்டியது வேறு.

1995 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் மைதானத்தில், பல்லாயிரம் பேர் பார்த்திருக்க, அவர் பந்தை எறிகிறார் என்று நடுவர் 'நோ போல்' சொன்னார். ஒரு தடவை அல்ல, ஏழு தடவை. அவருடைய கை பிறப்பிலேயே முழுதாக நிமிராத கை. அவர் ஓடி ஒளியவில்லை, சண்டைக்கும் போகவில்லை. "சோதித்துப் பாருங்கள்" என்று விஞ்ஞானப் பரிசோதனைக்குத் தன் கையைக் கொடுத்தார். திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். அவர் தொடர்ந்து பந்து வீசினார். 2010 ஜூலையில் காலியில் தன் கடைசி டெஸ்ட் போட்டிக்கு இறங்கியபோது அவரிடம் 792 விக்கெட் இருந்தது. அந்தப் போட்டியில் 8 எடுத்து 800இல் முடித்தார்.

நம் பிள்ளைகளுக்கு வருகிற 'நோ போல்' பெரும்பாலும் கணித பாடம்தான். சாதாரண தரத்தில் கணிதம் தவறியதும் புத்தகத்தை மூட்டை கட்டிவிடுகிறார்கள். எங்கள் பிரிவில் ஒரு தம்பி இருக்கிறார். முதல் தடவை கணிதம் தவறியது. இரண்டாம் தடவையும் தவறியது. மூன்றாம் தடவை சாதாரண சித்தி. இடையில் சும்மா இருக்கவில்லை, மின்னிணைப்பு வேலை பழகினார். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் (என்.வி.கியூ) எடுத்தார். இன்று சுற்றியுள்ள தோட்டங்களில் வயரிங் வேலைக்கு அவரைத் தேடி வருகிறார்கள். இந்தத் தொழிற்தகைமை ஏழு மட்டங்களாக இருக்கிறது. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். பல்கலைக்கழகம் போகாத பிள்ளைக்கும் ஏறுவதற்குப் படி இருக்கிறது என்பதைப் பெற்றோர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

குணம் 5: கேட்டுத் தெரிந்துகொள்ளுதல்

நம் ஆட்களிடம் ஒரு கூச்சம் இருக்கிறது. ஒபிசுக்குப் போனால் வாசலில் நின்று, கொடுத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவோம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. கேட்பது நம் உரிமை.

இதனால் வருகிற கஷ்டத்தை என் வேலையில் அடிக்கடி பார்க்கிறேன். பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், அடையாள அட்டையில் வேறு பேர், செக்ரோலில் இன்னொரு பேர். ராமாயி ஓரிடத்தில், ராமாய் இன்னோரிடத்தில். முப்பது வருடம் உழைத்த பிறகு சேமலாப நிதி எடுக்கப் போகிறபோது அந்த ஒரு எழுத்து குறுக்கே நிற்கும். சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் என்று அலைச்சல். பஸ் காசும் வேலை நாளும் வீண்.

ஆகவே இந்த மாதமே மூன்று பத்திரங்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிழை இருந்தால் இப்போதே சொல்லுங்கள். 15 வயதான பிள்ளைக்கு அடையாள அட்டைக்கு எழுதிப் போடுங்கள். உங்களுக்குப் பிறகு சேமலாப நிதி யாருக்குப் போக வேண்டும் என்று பேர் கொடுத்திருக்கிறீர்களா என்றும் கேளுங்கள். தெரியாததைக் கேட்கிறவர் ஒரு நாள் வெட்கப்படுவார். கேட்காதவர் ஆயுசுக்கும் கஷ்டப்படுவார்.

குணம் 6: "வேண்டாம்" என்று சொல்லும் துணிவு

முற்றின இலையை விடத் தெரியாத கைக்கு நல்ல கொழுந்து வராது. வாழ்க்கையிலும் விட வேண்டியதை விட்டால்தான் வேண்டியது கிடைக்கும்.

சம்பள நாள் பின்னேரம், "வா மச்சான், ஒரு கிளாஸ் மட்டும்" என்பார்கள். அந்த நேரம் "இல்ல மச்சான், வீட்டுக்குப் போகணும்" என்று சொல்ல பெரிய துணிவு வேண்டும். சிரிப்பார்கள். பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்பார்கள். இரண்டு சம்பளத்துக்குச் சிரிப்பார்கள், மூன்றாவது சம்பளத்தில் கூப்பிடுவதையே விட்டுவிடுவார்கள்.

லயத்து வாசலுக்கே வந்து, பெண்களைக் குழுவாகச் சேர்த்து, கிழமைக்குக் கிழமை கட்டச் சொல்லிக் கடன் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். எல்லாக் கடனும் கெட்டது அல்ல. ஆனால் கையெழுத்துப் போட முன் மூன்று கேள்வி கேளுங்கள்: மொத்தமாக எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்? ஒரு கிழமை தவறினால் என்ன? எனக்காக யார் மாட்டிக்கொள்வார்? பதில் தெளிவாக வராவிட்டால், "யோசிச்சு சொல்றேங்க" என்று அனுப்பிவிடுங்கள். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் வாங்குவது ஓட்டைக் கூடையில் கொழுந்து எடுப்பது மாதிரி.

குணம் 7: சுமையைப் பங்கு போடுதல்

இதை ஆண்கள் கவனமாக வாசிக்க வேண்டும். ஒரு வீட்டில் பிள்ளை நன்றாகப் படிக்கிறது, கடன் இல்லை, வீடு சுத்தம் என்றால் எல்லோரும் பாராட்டுவோம். ஆனால் அந்த வெற்றியை யாருடைய முதுகு சுமக்கிறது என்று பாருங்கள். அம்மா விடிய நாலு மணிக்கு எழும்பி, தண்ணீர் எடுத்து, ரொட்டி சுட்டு, சின்னதைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, மலைக்குப் போய், மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று, பின்னேரம் வந்து திரும்பவும் அடுப்படிக்குப் போகிறார். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவரும் அவர்தான். கறி முடிந்திருந்தால் வெறும் சம்பல்தான்.

ஒருவரைத் தேய வைத்து வருகிற வெற்றி அரை வெற்றி. தண்ணீர் எடுப்பது, பிள்ளையின் கொப்பியைப் பார்ப்பது, இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு கறி வைப்பது, இவற்றால் எந்த ஆணுக்கும் மதிப்புக் குறையாது. தகப்பன் அடுப்படியில் நிற்பதைப் பார்க்கிற மகனுக்கு அது பெரிய பாடம். மகளுக்கு அதைவிடப் பெரிய பாடம்.

5. வீட்டில் செய்யும் பயிற்சி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு டீவியை நிறுத்திவிட்டு எல்லோரும் உட்காருங்கள். பிள்ளையின் கொப்பியில் ஒரு தாள் எடுங்கள். எழுதத் தெரிந்தவர் எழுதட்டும், மற்றவர்கள் சொல்லட்டும். சின்னப் பிள்ளையையும் விட வேண்டாம்.

முதல் கேள்வி: போன வருடம் இதே நேரம் இருந்ததைவிட இன்று நம் வீட்டில் நன்றாக இருக்கிற ஒன்று எது? ஒன்றாவது இருக்கும். தேடுங்கள்.

இரண்டாம் கேள்வி: அடுத்த ஆறு மாதத்தில் நாம் செய்து முடிக்க வேண்டிய ஒரு காரியம் எது? ஒன்றே ஒன்று. பேரும் திகதியும் போடுங்கள்.

மூன்றாம் கேள்வி: அதற்கு வீட்டில் ஒவ்வொருவரும் என்ன செய்ய வேண்டும், எதை விட வேண்டும்?

தாளைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். சம்பள நாள் தோறும் ஒரு தடவை வாசியுங்கள். ஆறு மாதத்தில் முடியாவிட்டால் திகதியை மாற்றி எழுதுங்கள், தாளைக் கிழிக்க வேண்டாம்.

6. கூடிப் பேச சில கேள்விகள்

(பெண்கள் சங்கம், இளைஞர் கழகம், பெற்றோர் கூட்டங்களுக்கு)

1. நம் தோட்டத்தில் வெற்றி பெற்றவர் என்று யாரைச் சொல்வீர்கள்? ஏன் அவரைச் சொன்னீர்கள்?
2. பரீட்சையில் குறைந்த புள்ளி எடுத்து வந்த பிள்ளையிடம் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை எது?
3. நம் முன்னேற்றத்துக்குத் தடையாக இருப்பவற்றில் நம் கையில் இருப்பவை எவை? சேர்ந்து கேட்க வேண்டியவை எவை?
4. மேலே சொன்ன ஏழு குணங்களில் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருப்பது எது? இன்னும் வர வேண்டியது எது?

வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் பிள்ளைகள் அவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். பேர் பிழை, சேமலாப நிதி, தொழிற்பயிற்சி பற்றிக் கேட்க வேண்டியது இருந்தால் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள். தனியாக வரக் கூச்சமாக இருந்தால் நாலு பேராகச் சேர்ந்து வாருங்கள்.